ஆமைக்கு என்ன விலை? அடொப்ட் மீ பெட்டுகளும் எங்கட வீட்டுப் பொருளியலும்

அடொப்ட் மீ விளையாடுற புள்ள ஒண்டு வீட்டில இரிந்தா "இது வின்னா, ஃபெயரா, லொஸ்ஸா", அதாவது பெட்ட மாத்தினா லாபமா, சரிசமமா, நட்டமா எண்ட கேள்வி எப்பிடி ஆள அரிக்கும் எண்டு நான் சொல்லத் தேவல்ல. எங்கட வீட்டில அது அக்காட மகன். நான் களுவாஞ்சிகுடியில ஏ.எல் புள்ளையளுக்கு பொருளியல் படிப்பிக்கிற ஆள், அதால அவன்ட கணக்கில உலகத்தில விலை எண்டு ஒண்டு இரிக்கிற எல்லாத்துக்கும் மாமாதான் பதில் சொல்லணும். முதல்ல "ஃபெயர்தான் மனே, குடு" எண்டு சும்மா சொல்லிக்கொண்டிரிந்தன். மறுகா ஒரு நாள் பக்கத்தில குந்தி வடிவாப் பாத்தா, நான் வகுப்பில போர்ட்டில எழுதி எழுதிக் கை உளையிற விசயமெல்லாம் அந்தக் கேமுக்குள்ள உயிரோட ஓடுது, அதுவும் புத்தகத்தில இரிக்கிறதவிடத் தெளிவா. அதுக்குப் புறகு நானும் இதில இறங்கிட்டன் எண்டுதான் சொல்லணும், அக்காவுக்கு அது பிடிக்கல்ல, அது வேற கதை.

தெரியாதாக்களுக்கு ரெண்டு வரி. ரொப்லொக்ஸ் எண்ட ஒன்லைன் கேம் தளத்துக்குள்ள இரிக்கிற கேம் இது, 2017ல வந்தது, பெட்டுகள், அதாவது வளக்கிற மிருகங்கள், உள்ளுக்கு வந்தது 2019 நடுவில. முட்டை வாங்கிப் பொரிக்க வைக்கலாம், உள்ளுக்கிரிந்து என்ன வரும் எண்டது அதிர்ஷ்டம். கொமன், அன்கொமன், ரெயார், அல்ட்ரா ரெயார், லெஜெண்டரி எண்டு அஞ்சு தரம். கேமுக்குள்ள பக்ஸ் எண்டு ஒரு காசு இரிக்கு, அதால முட்டை வாங்கலாம், சாப்பாடு வாங்கலாம், ஆனா ட்ரேட் பெட்டிக்குள்ள அந்தப் பக்ஸ வைக்க ஏலா. பெட்டுக்குப் பெட், சாமானுக்குச் சாமான், அவ்வளவுதான். இந்த ஒரு விதிதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். காசு ட்ரேட்டில வந்திரிந்தா விலை எண்டது ஒரு நம்பராப் போயிரிக்கும், யாரும் யாரிட்டயும் "வின்னா" எண்டு கேக்கத் தேவல்ல.

சுத்தமான பண்டமாற்று இது. எங்கட அம்மம்மா சொல்லுவா, அந்தக் காலத்தில எழுவான்கரையில இரிந்து தேங்காயும் கருவாடும் கொண்டு ஆத்தக் கடந்து படுவான்கரைக்குப் போனா திரும்பி வரக்குள்ள நெல்லோடதான் வருவாங்களாம். அவங்க தேங்காய்க்கு இத்தின கருவாடு எண்டு கணக்குப் பாக்கிறல்ல, தேங்காய்க்கு எத்தின மரைக்கால் நெல்லு, கருவாட்டுக்கு எத்தின மரைக்கால் நெல்லு, அப்பிடித்தான். ஏனெண்டா நெல்லு எல்லா வீட்டுக்கும் வேணும், யாரும் வேணாம் எண்டு சொல்ல மாட்டாங்க. அடொப்ட் மீல அந்த நெல்லு ஆரெண்டா ஃப்ரொஸ்ட் டிராகன் எண்ட பெட். பெரிய பெட்டுகளப் பத்திக் கதைக்கிறவன் எல்லாம் "இது ரெண்டு ஃப்ரொஸ்ட்டுக்குப் போகும்", "இதுக்கு ஃப்ரொஸ்ட்டும் கொஞ்சம் அட்ஸும் வேணும்" எண்டுதான் கதைப்பான், அட்ஸ் எண்டா மேல போட்டுக் குடுக்கிற சின்னச் சாமான். சின்னப் பெட்டுகளுக்கு ரைட் போஷன (பெட்டில ஏறி ஓட வைக்கிற மருந்து) அளவா வச்சுக் கதைக்கிறாக்களும் இரிக்காங்க.

இதில ஒரு சூட்சுமம் இரிக்கு. அளக்கிற மரைக்காலே கூடிக் குறைஞ்சா என்ன செய்யிற? பெரும்போகம் வெட்டி எல்லா வீட்டு வாசல்லயும் நெல்லு குவிஞ்சு கிடக்கிற நேரத்தில அதே தேங்காய்க்குக் கூட நெல்லு கிடைக்கும், தேங்காய் விலை ஏறிட்டு எண்டு நினைச்சா அது புழை, நெல்லுதான் இறங்கியிரிக்கு. அதே மாதிரி ஃப்ரொஸ்ட்டுக்கு டிமாண்ட் ஏறினா உங்கட பெட் எல்லாம் ஃப்ரொஸ்ட் கணக்கில இறங்கின மாதிரித் தெரியும், உண்மையில அதுகளுக்கு ஒண்டும் நடந்திரிக்காது. மருமகன் ஒரு கிழமை முழுக்க "என்ட பெட் எல்லாம் ட்ரொப் ஆகிட்டு மாமா" எண்டு முகத்தத் தூக்கி வச்சுக்கொண்டு திரிஞ்சான். அவன்ட பெட்டுகள ஒண்டுக்கொண்டு வச்சுப் பாத்தம், பழைய கணக்கு அப்பிடியேதான் இரிந்திச்சு.

வேல்யூ லிஸ்ட் எண்டு இணையத்தில கனக்க இரிக்கு, ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு நம்பர் போட்டு வச்சிரிப்பாங்க. பாருங்க, பாக்க வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா ஒரு லிஸ்ட்டில எடுத்த நம்பர இன்னொரு லிஸ்ட் நம்பரோட போட்டுக் கூட்டாதீங்க, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு அளவில நம்பர் போடுறான், முழத்தையும் அடியையும் ஒண்டாக் கூட்டினா என்ன விடை வரும்? சின்னப் புள்ளையள் செய்யிற வேலையே இதுதான், தன்ட பெட்டுக்கு எந்த லிஸ்ட்டில கூட இரிக்கோ அதயும் மத்தவன்ட பெட்டுக்கு எந்த லிஸ்ட்டில குறைவா இரிக்கோ அதயும் எடுத்து வச்சுக்கொண்டு நியாயம் கதைக்கிற. இன்னொண்டு, அந்த நம்பர் எல்லாம் மனுசர் பாத்துப் போடுறதுதான், ட்ரேட் மாறி நாளாகியும் நம்பர் மாறாம இரிக்கும்.

தரத்தப் பாத்து விலை சொல்றாக்கள் இன்னும் இரிக்காங்க. லெஜெண்டரி எண்டு எழுதியிரிந்தா பெறுமதி எண்டு நினைக்கிற. கிராக்ட் எக் எண்டு 350 பக்ஸுக்கு ஒரு முட்டை, எப்பவும் கிடைக்கும், அதுக்குள்ள இரிந்து வாற டிராகனும் யூனிகோர்னும் லெஜெண்டரிதான், ஆனா ட்ரேட்டில அதுகளுக்கு ஒருத்தனும் பெரிசா ஒண்டும் தரமாட்டான். ஃபார்ம் எக்ல வந்த பசு வெறும் ரெயார். அந்த முட்டை 2019 கடைசியில வந்து 2020லயே கடையால எடுத்துட்டாங்க. இப்ப அந்தப் பசுவ ஒரு சாதாரண டிராகனுக்குக் கேட்டா சிரிச்சிட்டுப் போயிருவாங்க. தரம் எண்டது முட்டைக்குள்ள இரிந்து வாற சாத்தியத்த மட்டும்தான் சொல்லுது. அந்த முட்டை இன்னும் விக்குதா, எத்தின பேருக்கு அந்த மிருகத்தில ஆசை, எத்தினய நாலு நாலாச் சேர்த்து நியோன் எண்ட மினுங்கிற பெட்டா ஆக்கி முடிச்சிட்டாங்க, எத்தின விளையாட்ட உட்டுட்டுப் போனவங்கட அக்கவுண்ட்டுக்குள்ள பூட்டிக் கிடக்கு, இதெல்லாம் தரத்தில எழுதி இல்ல. ஆசைய யாரும் அளந்து எழுதி வைக்கவும் ஏலா, பசு வடிவா இரிக்கு, புள்ளையளுக்குப் பிடிச்சிரிக்கு, அவ்வளவுதான் காரணம்.

எவ்வளவு குடுத்து வாங்கினன் எண்டதும் விலைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத விசயம். என்ட ஏ.எல் புள்ளையளுக்கு இத விளங்கப்படுத்த நான் படுற பாடு இரிக்கே, இப்ப அடொப்ட் மீ உதாரணம்தான் சொல்றன், பின் வாங்கில இரிக்கிறவனும் நிமிர்ந்து பாக்கிறான். ஷடோ டிராகன் 2019 ஹலோவீனுக்கு வந்தது, 1000 ரோபக்ஸ் (உண்மைக் காசு குடுத்து வாங்கிற ரொப்லொக்ஸ் காசு). ஃப்ரொஸ்ட் டிராகன் அதே வருசம் கிறிஸ்மஸுக்கு, அதுவும் ரோபக்ஸுக்குத்தான். கடையில ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இப்ப ஒரு ஷடோவுக்கு ஒரு ஃப்ரொஸ்ட்ட மட்டும் நீட்டினா "நோ தேங்ஸ்" எண்டு கூடச் சொல்லாம பெட்டிய மூடிருவான். அதே ஹலோவீனுக்கு வந்த பேட் டிராகனுக்குக் காசே இல்ல, 180,000 கேண்டி சேர்க்கணும், விடிய விடிய இரிந்து சேர்த்தாங்க. இப்ப அது ஷடோவோட ஒண்டாக் குந்திக்கொண்டிரிக்கு. கடை விலையப் பிடிச்சுக்கொண்டு கணக்குப் பாத்தா இந்த மூண்டுக்கும் ஒரு ஒழுங்கும் வராது.

சரி, இனி உண்மையான விசயத்துக்கு வாறன். விலை எண்டது நம்பர் மட்டுமில்ல, அது எவ்வளவு கெதியாக் கைமாறும் எண்டதும் சேர்ந்ததுதான் விலை.

மருமகனிட்ட ஒரு ஆமை இரிந்திச்சு, 2020ல வந்த ஒஸி எக் (அவுஸ்திரேலிய முட்டை) ஆமை, பறக்கவும் ஏலும், ஏறி ஓடவும் ஏலும். போயா லீவு, மத்தியானம், வாசல்ல குந்தியிரிக்கம், வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், வாசலுக்கு வந்தா மூண்டு கோடு. ஒருத்தன் ட்ரேட் அனுப்புறான். இவன் ஆமைய வைக்கிறான். அவன் ஒரு புது லெஜெண்டரிய வைக்கிறான். இவன் பேசாம இரிக்கான். இன்னொண்டு. பேசாம இரிக்கான். மூண்டு, நாலு, கொஞ்சம் நிண்டு அஞ்சு, ஆறு. ஆறும் ஆறு நிறத்தில மினுங்குது. "மாமா பிக் வின், பிக் வின், லிஸ்ட்டில 36 வருது, ஆமை 30தான்" எண்டு விரலப் பச்சைப் பட்டனுக்கு மேல வச்சுக்கொண்டு துள்ளுறான். (நம்பரப் பெரிசா எடுக்காதீங்க, கணக்கு விளங்கிறத்துக்காக நான் முழு எண்ணாப் போட்டிரிக்கன்.) நான் கேட்டன், மனே, இந்த ஆறில ஒண்ட நாளைக்கு நீ ஆருக்கும் வச்சா என்ன தருவான்? யோசிச்சான். அந்தப் புதுப் பெட் எல்லாரிட்டயும் இரிக்கு, ஒவ்வொண்டும் லிஸ்ட்டில 6, ஆனா உண்மையா மாத்தப் போனா நாலரை மாதிரித்தான் கிடைக்கும், ஆறும் சேர்த்து 27. அதுவும் ஒரே ட்ரேட்டில போகாது, ஒவ்வொண்டாப் போகும், அதுக்குப் போற நேரம் வேற. அந்த நேரத்துக்கு வகுப்பில நாங்க அமையச் செலவு எண்டு சொல்லுவம், அக்கா "அந்த நேரத்துக்கு ஒரு பாடம் படிச்சிரிக்கலாம்" எண்டு சொல்லுவா, ரெண்டும் ஒண்டுதான்.

சின்னதுகளச் சேர்த்துப் பெரிய ஒண்ட எடுக்கிறவன் கூடக் குடுக்கணும், பெரிசக் குடுத்துச் சின்னதுகள எடுக்கிறவன் கூட வாங்கணும், இது அந்தக் கேமில எழுதாத சட்டம். புள்ளையளுக்கு இது அநியாயமாத் தெரியும், ஆனா இது நியாயம்தான், ஏனெண்டா கெதியா விக்காத சாமான வாங்கிறவன் அதத் திரும்ப விக்கிற கஸ்டத்தையும் சேர்த்து வாங்கிறான். ட்ரேட் பெட்டியில இடமும் அளவாத்தான் இரிக்கு, சின்னதுகளா அடுக்கி அடுக்கி ஒரு ஷடோ வாங்க இடம் காணாது. அதால பெட்டிய நிரப்பாம ஒரே இடத்தில பெரிய பெறுமதிய வைக்க ஏலுமான பெட்டுக்குத் தனியா ஒரு மதிப்பு வந்திரும். நான் வச்சிரிக்கிற கணக்கு இதுதான்: லிஸ்ட் நம்பர எடு, மறுகா அந்தப் பெட்ட ஒரு சேர்வரில வச்சுக்கொண்டு நிண்டா ஆக்கள் தானா வந்து ட்ரேட் அனுப்புறாங்களா, இல்ல நீயாப் போய்க் கெஞ்ச வேண்டியிரிக்கா எண்டு பாரு. தானா வந்தா முழு நம்பரக் கேள். கெஞ்ச வேண்டியிரிந்தா நாலில ஒரு பங்கக் கழிச்சிட்டுத்தான் கணக்கில எடு. நாலில ஒண்டு எண்டது என்ட மனக்கணக்கு, வேற ஆக்கள் வேற மாதிரிக் கழிப்பாங்க, கழிக்காம உடுறதுதான் புழை.

அந்த ஆமைய அண்டைக்கு அவன் குடுக்கல்ல. மறுநாள் நாலு பெட்டுக்குக் குடுத்தான், அந்த நாலும் பழசுகள், ஆக்கள் கேட்டு வாறதுகள். லிஸ்ட் கணக்கில முதல் ஒஃபரவிடக் குறைவுதான்.

நியோன் கணக்கு இன்னும் சோக்கானது. ஒரே மாதிரி நாலு பெட்ட ஃபுல் குரோன் வரைக்கும் வளத்து, பாலத்துக்குக் கீழ இரிக்கிற குகையில வச்சா நாலும் ஒண்டாகி ஒரு நியோன் வரும். நாலு நியோன வளத்து வச்சா மெகா நியோன், மொத்தம் 16 பெட். வளக்கிறது எண்டா சும்மா இல்ல, பசி, தண்ணி, நித்திரை, குளிப்பு எண்டு பாத்துப் பாத்துச் செய்யணும், நியூபோன்ல இரிந்து ஃபுல் குரோனுக்கு ஆறு படி. அப்ப நியோன் விலை நாலு பெட்ட விட கூலியும் சேர்த்துக் கூடத்தானே இரிக்கணும்? விலை குறைஞ்ச பெட்டுகளுக்கு அது சரியா வரும், அவடத்த சாமான்ட விலையவிட வளத்த கூலிதான் கூட. பெரிய பெட்டுகளுக்கு அப்பிடி நிச்சயமில்ல. ஏனெண்டா நியோனத் திரும்ப நாலா உடைக்க ஏலா. நாலு ஃப்ரொஸ்ட் கையில இரிந்தா நாலு பேரோட நாலு விதமா ட்ரேட் செய்யலாம், ஒரு நியோன் ஃப்ரொஸ்ட் இரிந்தா அவ்வளவு பெறுமதிய ஒரேயடியா வைக்கக்கூடிய ஒருத்தன் வாற வரைக்கும் பாத்துக்கொண்டிரிக்கணும். அதால பெரிய பெட்ட நியோன் ஆக்க முதல் நாலு தரம் யோசிக்கச் சொல்லுவன், வச்சிரிக்கிறத்துக்கு ஆசையா எண்டா ஆக்கு, விக்கிறத்துக்கு எண்டா வேணாம். ஃபுல் குரோன் பெட்டுக்கு நியூபோனவிடக் கொஞ்சம் கூடக் கேக்கிறதும் இதே காரணம்தான், நியோன் ஆக்கிறவனுக்கு வேலை மிச்சம். ஆக்கிற எண்ணம் இல்லாதவனுக்கு வயசு ஒண்டும் பெரிசில்ல, அவனிட்ட வயசக் காட்டி விலை கேட்டு நேரத்த வீணாக்காதீங்க.

போஷன் கதையும் இப்பிடித்தான். ஃப்ளை போஷன் கடையில 295 ரோபக்ஸ், ரைட் போஷன் 150. சாதாரண பெட்டுக்கு ரெண்டையும் குடுத்தா விலை ஏறும், சில நேரம் பெட்டவிடப் போஷன்தான் பெறுமதி. ஆனா ஒருக்காக் குடுத்தாக் குடுத்ததுதான், திரும்ப எடுக்க ஏலா. பெரிய பழைய பெட்டுகள் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ஆக்கள் எப்பவோ போஷன் குடுத்திட்டாங்க, அதால போஷன் குடுக்காத ஒண்டத் தேடித் திரியிற சேகரிப்புக்காரங்க இரிக்காங்க, அவங்க கூடவும் தருவாங்க. எல்லா இடத்திலயும் சாமானோட ஒண்டச் சேர்த்தா விலை கூடும், இஞ்ச மட்டும் சேர்க்காததுக்கு விலை. என்ட வகுப்பில இத ஒரு கேள்வியாவே குடுத்தன், ஒரு புள்ள வழங்கல் வளையி கீறி அழகா விளங்கப்படுத்திச்சு, அவள் கேம் விளையாடுறவள் எண்டு அண்டைக்குத்தான் தெரியும்.

இனி, நம்பர் எங்க எடுக்கிற எண்டு கேட்டா, ஆக்கள் கேக்கிற விலைய எழுதாதீங்க, நடந்து முடிஞ்ச ட்ரேட்ட மட்டும் எழுதுங்க. "என்ட பசுவுக்கு இவ்வளவு வேணும்" எண்டு கத்திக்கொண்டு நிக்கிறவன் நாள் முழுக்க அப்பிடியே நிப்பான், அது அவன்ட ஆசை, விலை இல்ல. மருமகன்ட சிஆர் கொப்பியில பின்பக்கத்தில கோடு கீறி வச்சிரிக்கம், அவன்ட கூட்டாளிமார் செய்த ட்ரேட்டும் அதில வரும், கல்முனையில ரெண்டு பேர், அக்கரைப்பற்றில ஒருத்தன், ஆரெண்டாலும் ட்ரேட் முடிஞ்சாச் சொல்லுவாங்க. அஞ்சு ட்ரேட் கிடைச்சிது எண்டு வைப்பம், ஒரே பெட்டுக்கு 26, 27, 28, 29, 55. இடை, அதாவது கூட்டி அஞ்சால பிரிச்சு எடுத்தா 33 வரும், அந்த 33க்கு ஒருத்தனும் தரமாட்டான். இடையம், அதாவது வரிசையில நடுவில நிக்கிற நம்பர், 28, அதுதான் கிட்டத்தட்டச் சரி. அந்த 55 எங்கால வந்திச்சு எண்டு விசாரிச்சா ஒண்டில் கூட்டாளிக்குக் குடுத்த பரிசு, இல்லாட்டி அந்தப் பெட்டுக்காகவே கனவு கண்டுகொண்டிரிந்த ஒருத்தன் கையில இரிந்தத எல்லாம் கொட்டினது. கனவு காணுறவன் வந்தா வாங்குங்க, நல்லது, ஆனா அடுத்தவனிட்டயும் அதயே எதிர்பாத்துக்கொண்டு நிண்டா ஆமைதான் மிச்சம்.

புது முட்டை வாற நாளில விலையப் பத்திக் கதைக்கிறதே வீண். முதல் சில மணித்தியாலம் ஒருத்தரிட்டயும் இல்ல, எல்லாருக்கும் வேணும், ஆக்கள் கண்ண மூடிக்கொண்டு குடுப்பாங்க. நாள் போகப் போக எல்லாரும் பொரிச்சு எடுப்பாங்க, விலை சரியும், முட்டை கடையில இரிக்கிற வரைக்கும் சரிஞ்சுகொண்டேதான் இரிக்கும். கடையால எடுத்த புறகு சிலது மெல்ல மெல்ல ஏறும், கனக்க பெட்டுகள் ஏறவே ஏறாது. பழசானா எல்லாம் பெறுமதி எண்டு நினைச்சு பெட்டியில அடைச்சு வச்சிரிக்கிற புள்ளையள் இரிக்கு. முதல் நாள் பொரிச்சா முதல் நாளே குடு எண்டுதான் நான் சொல்ற, வேணுமெண்டா ஒரு மாசத்தால பாதிக்கும் குறைவாத் திரும்ப வாங்கலாம். யூடியூப்காரன் ஒருத்தன் ஒரு பெட்டத் தூக்கிப் பிடிச்சு வீடியோ போட்டா வாற ஏத்தமும் இந்த வகைதான், அந்தக் கிழமை வாங்கக்கூடாது, விக்கலாம்.

கடைசியா ஒண்டு, இதுக்கு மட்டும் நான் கணக்குப் பாத்துக் குடுக்க மாட்டன். "ஆமைய எனக்குத் தா, நான் உனக்கு ரீலோட் போடுறன்", "ஈசி கேஷ் அனுப்புறன்" எண்டு கேட்டு வாறவங்க இரிக்காங்க, மருமகனிட்டயும் கேட்டிரிக்காங்க. உண்மைக் காசுக்கு விக்கிறது ரொப்லொக்ஸ் சட்டத்துக்கு மாறு, அக்கவுண்ட்டே போகும், அது ஒரு பக்கம். மத்தப் பக்கம், ட்ரேட் பெட்டிக்குள்ள ரூபாய வைக்க ஏலா. பெட்டுக்குப் பெட் எண்டா ரெண்டு பேரும் வச்சு, ரெண்டு பேரும் ஓம் எண்டு சொல்லி, திரும்ப ஒருக்கா உறுதிப்படுத்தின புறகுதான் கைமாறும். காசெண்டா ஒருத்தன் முதல்ல குடுத்தாகணும், மத்தவன் தருவான் எண்ட நம்பிக்கையில. முகம் தெரியாத ஒருத்தன், அவன்ட பேரும் உண்மையான பேரில்ல, தராம உட்டா ஆரிட்டப் போய்ச் சொல்ற? "நீ முதல் தா, நான் மறுகா தாறன்" எண்டு பெட்டுக்கே கேக்கிற கூட்டமும் இரிக்கு, அதுவும் இதேதான். தரலாம், தராம உடலாம் எண்டு இரிக்கிற ஒரு சாமானுக்கு இடையமும் இல்ல, லிஸ்ட்டும் இல்ல. ஆமைக்கு எத்தின கங்காரு, எத்தின பசு எண்டு கேளுங்க, கொப்பியப் பாத்துச் சொல்றன். எத்தின ரூபா எண்டு என்னட்டக் கேக்க வேணாம்.